ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்த நிலம்

முத்தையன்கட்டு இடதுகரை வாய்க்காலுக்கு அப்பால்
இந்தக் கால் ஏக்கரை
முழங்காலில் நின்றுதான் முதலில் அறிந்தேன்.
ஒரு நாளைக்கு நாலு பாய் விரிக்கிற இடம்.
கருவி கத்தினால் மூச்சை நிறுத்தி
சலாகையைச் சாய்த்து மண்ணுக்குள் விட்டு
தூரிகையால் தூசு தட்டினால்
அநேகமாக ஒரு மீன்ரின் மூடி,
சைக்கிள் சங்கிலி,
ஒருமுறை
யாரோ புதைத்துவிட்டு ஓடின குத்துவிளக்கின் தண்டு.

சிவப்புத் தடி என்றால் கால் வைக்காதே.
வெள்ளைத் தடி என்றால் வா.
ஆறு வருசம் அந்த இரண்டு நிறத்துக்கு நடுவில்
சம்பளம் வாங்கினேன்.

கடைசி நாள் படிவம் வந்தது.
உள்ளே ஒன்றுமில்லை.
கையெழுத்து வைத்தேன். எல்லாரும் சோடா குடித்தோம்.

காணிக்காரர் பிரான்சில். குத்தகை எனக்கு.
முதல் போகம் கச்சான் மஞ்சள்பாரித்து நின்றது.
போதனாசிரியர் டிலக்சனா ஒரு செடியைக் கிண்டி
வேரைத் தடவிப் பார்த்து
அதே சொல்லைச் சொன்னாள்:
"உள்ளுக்க ஒண்டுமில்லை அக்கா."

எரித்தோம், வெட்டினோம், அரித்தோம்,
அரித்த மண்ணை வெயிலில் குவித்தோம்.
இரும்புக்குத்தான் கருவி கத்தும்.
கத்தாததுகளுக்கு
ஆர் தடி நட்டது?

மாரிக்கு முன் ஒரு பொட்டலம் தந்தாள்.
கறுத்த தூள். குளிரில் வை என்றாள்.
சூசைதாசன் கடை ஐஸ்பழப் பெட்டிக்குள்
மூன்று இரவு கிடந்தது.
"என்ன பிள்ளை, மருந்தோ?"
"இல்லை அண்ணை. வேலையாக்கள்."
"எத்தினை பேர்?"
"எண்ண ஏலாது."
"சம்பளம்?"
"செடி சீனி குடுக்கும்."
"என்ர கடையில கடனுக்குக் கேக்காட்டிச் சரி."

வடித்த கஞ்சியை ஆறவிட்டு
தூளைக் கரைத்து விதையைப் பிரட்டி
வேப்ப நிழலில் சாக்கு விரித்து உலர்த்தி
வெயில் முகம் காட்டாமல்
பொழுதுபட விதைத்தேன்.
யூரியாவைத் தொடவில்லை.
போட்டால் இருந்து தின்னப் பழகிவிடுவினமாம்.

முப்பத்தைந்தாம் நாள்
தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்கி
சலாகை பிடித்த கையால் ஒரு செடியைக் கிளப்பினேன்.
பிடுங்கக் கூடாது. பிடுங்கினால்
பார்க்க வந்தது மண்ணிலேயே நின்றுவிடும்.
வேரில் கடுகளவில், மிளகளவில் முண்டுகள்.
நகத்தால் ஒன்றைப் பிளந்தேன்.
வெள்ளை.
பழக்கத்தில் உடம்பு ஆறுதல்பட்டது.
பிழையான ஆறுதல்.
வெள்ளையென்றால் உள்ளே ஆள் இருந்தும்
வேலை நடக்கவில்லை.

அடுத்த செடி. பிளந்த இடத்தில்
சிவப்பு.
கை தன்பாட்டில் பின்னுக்கு வந்தது.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்,
தூரத்தில் ஆரோ பம்ப் இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிறான்,
பிடிக்கவில்லை, திரும்ப இழுக்கிறான்.

டிலக்சனா போனில் சொன்னாள்:
"சிவப்பெண்டா காத்தைப் பிடிச்சுச் சாப்பாடாக்குதுகள்.
எங்கட ரத்தத்தில இருக்கிற சிவப்புக்கு
அது சொந்தக்காரச் சிவப்பு அக்கா."
நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
நகக்கண்ணில் அது காயும்வரை பார்த்தேன்.

பத்துச் செடி கிளப்பினேன்.
ஆறு சிவப்பு. மூன்று வெள்ளை.
ஒன்றில் முண்டே இல்லை, வெறும் நூல்.
கொப்பியில் எழுதினேன். கையெழுத்துக் கேட்க ஆளில்லை.

அந்தப் பத்தாவதைத் திரும்பக் குழியில் வைத்து
சிவந்த செடியின் அடியிலிருந்து
ஒரு பிடி ஈரமண் அள்ளிப் போட்டு அணைத்தேன்.
தப்பாது என்று தெரியும்.
இடம் தெரிய ஒரு குச்சி ஒடித்துக் குத்தினேன்.
நிறம் பூசாத குச்சி.