ஒன்றரைச் சதுர அடி

காசிமேட்டில் படகுக்கு நம்பர் எழுதுகிறவன் நான்.
மாநகராட்சியில் கூப்பிட்டு ஒரு சுவர் கொடுத்தார்கள்,
பழைய ஐஸ் கிடங்கின் சுவர்,
நாற்பதடிக்குப் பன்னிரண்டு.
தலைப்பையும் தாளில் அடித்தே கொடுத்தார்கள்:
‘மூதாட்டியரின் ஞானம்.’

ஞானத்துக்கு என்ன நிறம் என்று
இரண்டு நாள் போனில் தேடினேன்.
பிறகு வரைந்தேன்:
வலையாய் விரிந்த வெள்ளைக் கூந்தல்,
அதில் சிக்கிய நிலா,
ஒரு கையில் அகல்விளக்கு,
தோளில் ஆந்தை,
இன்னொரு கை தரைவரை தாழ்ந்து விரிந்து
சுவரின் பாதியை அடைத்துக்கொண்டு.
உள்ளங்கையிலும் விரல்களிலும் ரேகைகள்,
கரை தெரியாத நீரோட்டங்கள் போல.
ரேகைக்கு மட்டும் ஆறு நாள். மெல்லிய தூரிகை.
கழுத்து பிடித்துக்கொண்டது.

ஏழாம் நாள் காலை
இறால் உரித்து முடித்து வந்தார்கள்.
மூன்று பேருக்கும் சேர்த்து
இருநூற்று அறுபதுக்கு மேல் என்றார் டீக்கடைக்காரர்.
அவர்களுக்குள்ளேயே கணக்கு ஒத்துவரவில்லை:
மங்காத்தா புயலை வைத்து எண்ணுகிறாள்,
ஜைத்தூன்பீ பிரசவங்களை வைத்து,
அஞ்சலாட்சி எண்ணுவதில்லை.

“தோள்மேல இன்னாடா அது, கோட்டானா?”
ஞானத்தின் அடையாளம் என்றேன்.
ஜைத்தூன்பீ சிரிக்கவில்லை.
“ராவெல்லாம் முழிச்சிக்கினு கீறதுதான் ஞானம்னா
மொதல்ல எங்க சந்து கொசுவுக்கு செல வையி.”
ஆந்தையைப் பூனையாக்கினேன்.
காதுகள் ஏற்கெனவே இருந்தன.

மங்காத்தா விளக்கைப் பார்த்தாள். நெடுநேரம்.
“வெளக்கப் புடிச்சிக்கினு நிக்கிறா, சரி.
அப்போ உரிக்கிறது யாரு?
மூணு மணி இருட்டுல கைக்குத் தெரியும்டா
எது தல, எது வாலு, எது நேத்தே செத்தது.
கண்ணு சும்மா கூட வரும்.”
அன்று மாலை விளக்கை அணைத்தேன்,
ஒரு லிட்டர் கறுப்பில்.

அஞ்சலாட்சி ஒன்றும் சொல்லவில்லை.
கைக்குக் கிட்டே போனாள்.
சுவரிலிருந்த கட்டைவிரலின்மேல்
தன் கட்டைவிரலை வைத்தாள்,
அதன் நகத்தளவுகூட வரவில்லை.
பிறகு திரும்பி
என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
வழவழவென்று இருந்தது,
அலை உருட்டி ஒதுக்கிய சோடாப்புட்டிச் சில்லு மாதிரி.
ஒரு கோடு இல்லை.
இறால் முள்ளும் ஐஸும் உப்பும்
எழுபது வருஷமாய்க் கொஞ்சம் கொஞ்சமாய்
வாங்கிக்கொண்டு போயிருந்தன.

“ரேஷன் மிஷினு இத்த ஒத்துக்க மாட்டேங்குது.
நாலு வாட்டி தொடச்சி வெச்சேன்.
ஆளு இல்லன்னு காட்டுது.”
குறை சொல்லும் குரலே இல்லை.
மிஷின் புதுசு, போகப் போகப் பழகிக்கொள்ளும்
என்பது போலத்தான் சொன்னாள்.

ராத்திரி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.
ஆறு நாள் வேலையில் இரண்டு நாளைச்
சுரண்டி எடுத்தேன்.
கட்டைவிரலின் வயிறு முழுக்க
வெறும் வெள்ளை.

அளக்க வந்த பொறியாளர் நல்ல மனிதர்.
“இங்க மட்டும் முடிக்கலையேப்பா” என்றார்.
முடிச்சிட்டேன் சார் என்றேன்.
டேப்பைச் சுருட்டியபடியே எழுதினார்:
‘ஒன்றரைச் சதுர அடி. வேலை நிலுவை.’
பில்லில் நூற்றுப் பதினெட்டு ரூபாய் பிடித்தம்.

இப்போது ஐப்பசி.
மழை விட்டுப் பார்த்தால்
மற்ற இடத்திலெல்லாம் பெயிண்ட் நிற்கிறது,
அந்த வெள்ளையில் மட்டும் உப்பு பூத்திருக்கிறது.
நேற்று அஞ்சலாட்சி கூடையை இறக்கிவைத்து
அதில் விரலைத் தேய்த்து
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
“செரியாத்தான் கீது” என்றாள்.

எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.
அரிசி கிடைத்ததா என்றும் கேட்கவில்லை.
அதைக் கேட்டிருக்கலாம்.