வண்டியில் ஏற முடிகிறதா

நூற்றுப் பன்னிரண்டு பேரில்
எழுபது பேரின் தொலைபேசி எண்கள் செத்துவிட்டன.
மூன்று பேர் தாமே இறந்துவிட்டார்கள், இடுப்பால் அல்ல.
ஒருவர் பெர்த்தில். ஒருவர் சிறையில்.
எண் முப்பத்தொன்று
முதல் மணியிலேயே எடுத்தாள்.

பெயரைச் சொல்லக் கூடாது, நெறிக்குழுவின் ஆணை.
கவிதைக்கும் அது பொருந்தும் என்றே வைத்துக்கொள்கிறேன்.
டர்பன், சாட்ஸ்வர்த், யூனிட் ஏழு.
நடக்கத் தொடங்கிய பிறகுதான்
நடை கோணல் என்று கண்டார்கள், பதினான்கு மாதத்தில். இடப்பக்கம்.
மயக்கம் கொடுத்து, பந்தெலும்பைக் கிண்ணத்துக்குள் உட்காரவைத்து,
மார்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு, பன்னிரண்டு வாரம்.
கோப்பில் அதற்கு ஒன்றரை வரி.

இப்போது முப்பத்து நான்கு வயது.
செருப்புத் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை.

படிவம் என் கையில்.
வலி அறவே இல்லையென்றால் நாற்பத்து நான்கு மதிப்பெண்.
நொண்டவில்லையென்றால் பதினொன்று.
காலுறையைத் தானே மாட்டிக்கொண்டால் நான்கு.
பொது வண்டியில் ஏற முடிந்தால்
ஒன்று.

"நோவு இல்லை, சிஸ்டர்" என்றாள்
மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி.
எதை எழுத?
சொன்னதையா, மேசையையா?

"டாக்சியா? முன்வரிசை கிடைத்தால் தொல்லையில்லை.
பின்னால் போகணும்னா மடக்கு சீட்டைத் தாண்டி
வலது காலைப் போட்டு
இடது காலைக் கையால் தூக்கி வைக்கணும்.
அதுவரை பதினைந்து பேர் காத்திருப்பாங்க.
ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்லை.
அதுதான் கொஞ்சம் நோவு."

படிவத்தை எழுதியவர்
தாழ்ந்த படியும் பளபளத்த கைப்பிடியும் உள்ள
ஏதோ ஒரு ஊரின் பேருந்தை நினைத்திருப்பார்.

பிளாஸ்டிக் பையிலிருந்து அதை எடுத்தாள்.
அம்மா போன பிறகு
அலமாரிக்கு மேல் கிடைத்ததாம்.
இரண்டாகப் பிளந்து கழற்றிய மாவுக்கட்டு,
உள்ளே மூத்திரக் கறை,
முட்டியில் யாரோ பேனாவால் வரைந்த டிராக்டர்.
நாற்காலியில் வைத்தோம்.
அந்த அறையில் சரியான கோணத்தில் உட்கார்ந்திருந்தது
அது ஒன்றுதான்.
"ஆராய்ச்சிக்கு உதவுமா?"
உதவாது. அதற்குக் கட்டம் இல்லை.

வெளியே தோக்கோசிலேயின் மடியில்
ஆறு வாரக் குழந்தை.
"இவளையும் பாருங்க சிஸ்டர்."
அவள் ஆய்வில் இல்லை. ஒப்புதல் தாள் இல்லை. எண் இல்லை.
ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டுக்
கூழைக் கையில் தேய்த்துச் சூடாக்கினேன்.

சாம்பல் திரையில்
பள்ளி விளையாட்டு நாளின் கரண்டியும் எலுமிச்சையும்.
அறுபது பாகை வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.
வலது அறுபத்து நான்கு.
இடது ஐம்பத்தேழு.
மறுபடி அளந்தேன், ஐம்பத்தொன்பது.
மறுபடி, ஐம்பத்தேழு.
இந்த இரண்டு பாகை
எலும்பினுடையதா, என் கையினுடையதா?

"ஆறு வாரம் கழித்துக் கூட்டி வா.
இந்த வயதில் தானாகவே சரியாகிவிடுவதும் உண்டு.
காலைச் சேர்த்துச் சுற்றிக் கட்டாதே."
"எங்கம்மா கட்டினாங்க" என்றாள்.
"அது மட்டுமே காரணம் இல்லை" என்றேன்,
கொஞ்சம் வேகமாக.

தோக்கோசிலே துண்டை உதறினாள்.
குழந்தையை அவள் முதுகில் ஏற்றி
இரு காலையும் தவளைபோல் விரித்து
முன்னால் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.
"எங்க பிள்ளைகள் உன் பட்டியலில் குறைவு, பார்த்தியா?"
பார்த்திருக்கிறேன்.
நான்காம் அட்டவணை, கடைசி வரிசை.

சன்னலுக்குக் கீழே டாக்சி நின்றது.
பணம் வாங்கும் பையன் அவளுடைய பையை வாங்கிக்கொண்டான்.
வலது கால்.
பிறகு கை.
பிறகு இடது.
'ஒன்று' என்று எழுதினேன்.
வலிக்கு நேரே இன்னும் எதுவும் எழுதவில்லை.

மறுநாள் காலை அறையைத் துடைக்க வந்தவர்
நாற்காலியைக் காட்டி
இது யாருடையது என்று கேட்டார்.
எண்ணைச் சொன்னேன்.