தெய்வச் செயல்

திருகோணமலை நீதிமன்றில் என் வேலை
ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குச்
சொல்லைச் சிந்தாமல் கொண்டுபோவது.
கூண்டில் ஏறுபவரிடம் முதலில் கேட்பேன்:
"என்ன சமயம்?"
அதற்கேற்ற புத்தகம், அதற்கேற்ற வாசகம்.
புத்தகங்கள் இழுப்பறையில் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்.
எது மேலே என்று ஒருநாளும் சண்டை வந்ததில்லை,
இழுப்பறைக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இன்றைய வழக்கு ஒரு கிழிந்த வலை.
கிண்ணியா ரஜாயின் கரைவலையைத்
திருக்கடலூர் பூபாலப்பிள்ளை வாடகைக்கு எடுத்தார்.
இழுத்தபோது மீனுக்குப் பதில் கல் வந்தது.
இடுப்புயரம். மார்பில் மாலையின் தடம்.
முகத்தைக் கடல் தின்றிருந்தது.
மடி முழுக்கப் போச்சு.

ஒப்பந்தத்தில் ஒரு வரி:
தெய்வச் செயலால் நேரும் சேதத்துக்கு
எடுத்தவர் பொறுப்பல்ல.
வேறெதிலோ பார்த்தெழுதிய வரி.
அதில்தான் எல்லாரும் சிக்கினார்கள்.

"தெய்வச் செயல் இல்லாம வேறென்ன ஐயா,
தெய்வமே வந்து ஏறினது" என்றார் பூபாலப்பிள்ளை.
"பறங்கி இடிச்சுக் கடலில தள்ளின கோயில்.
அவ தன்ர வீட்டுக்குத் திரும்புறா.
வலை கிழியாமல் வா எண்டு சொல்ல நான் ஆர்?"

ரஜாய் கல்லின் பக்கம் திரும்பவேயில்லை.
"அது கல்லு. அவனுக்கு உருவமில்ல, இணையில்ல.
எனக்கு வலைக்காசு போதும்."
எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மெல்ல எழுந்தார்:
"அப்ப அந்தக் கல்லை வலைக்குள்ள அனுப்பினது ஆர்?"

மின்விசிறி சுற்றுவது கேட்டது.
"அவன்ட நாட்டமில்லாம
ஒரு மணலும் அசையாது" என்றார் ரஜாய்.
சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது,
பாதி வழக்குப் போய்விட்டதென்று.
சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

பாலையூற்று ஜசிந்தா, கரையில் மீன் வாங்க நின்றவள்.
"ஒருவரைத் தவிர வேற கடவுள் எனக்கில்லை."
"பிறகேன் உமது துவாயால் அதைப் போர்த்தினீர்?"
"பொம்பிளை உருவம் ஐயா.
சுத்திவர அத்தனை ஆம்பிளையள்."

கயிறு வெட்ட இறங்கிய சுழியோடி திலகசிறி
சிங்களத்தில் சொன்னான்:
தெய்வங்கள் உண்டு. அவையும் இறக்கும், பிறக்கும்.
விகாரையில் நாங்கள் செய்யும் புண்ணியத்தில்
அவைக்கும் ஒரு பங்கு கொடுப்போம்.
வலை கிழிப்பது அவையின் வேலையோ, தெரியாது.

அதைத் தமிழாக்கக் கொஞ்சம் தடுமாறினேன்.
"தெய்வங்களுக்கு நாங்கள்தான் கொடுக்கிறோம்" என்றேன்.
பூபாலப்பிள்ளை
மொழிபெயர்ப்பில் பிழை விட்டவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தார்.

தவணை அடுத்த மாதம்.
அதற்குள் வலைப் பருவம் முடிந்துவிடும்.

சான்றறைக்குள் கொண்டுபோக முடியாத பாரம்.
விறாந்தையில் சாத்திவைத்து, கழுத்து இருந்த இடத்தில்
நூலால் ஓர் அட்டை கட்டினேன்:
சான்று இல. 1. கல்.

காலையில் வரும்போது
கோட்டைப் பக்கத்து மானொன்று
கல்லின் முகத்தை நக்கிக்கொண்டு நின்றது.
உப்பு.
நூல் மட்டும் தொங்கியது, அட்டையைக் காணோம்.
மானின் தாடை நிதானமாக அசைந்தது.

புது அட்டைக்குப் படிவம் நிரப்பவேண்டும்.
இலக்கம் எழுதினேன். திகதி எழுதினேன்.
'இழப்புக்கான காரணம்' என்ற கட்டத்தில்
பேனை நின்றது.
மூடி வைத்துவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போனேன்.