மூன்றாம் பக்கம்

பேச்சை எழுதியவன் நான்.
முதல் பக்கம் வணக்கங்கள்,
வட்டாரத் தலைவரின் பெயர் இரண்டு முறை.
இரண்டாம் பக்கம் உரம்:
வீட்டுக்கு ஆறு மூட்டை, வாசலிலேயே இறங்கும்.
மூன்றாம் பக்கத்து ஓரத்தில்
ஹபீன்சு தன் பேனாவால் கிறுக்கியிருந்தார்:
மக்காச்சோளத்தை மட்டும் நம்பாதீர்கள்,
சோளமும் கம்பும் விதையுங்கள்.

லுசாகாவிலிருந்து வரும் வழியில்
அதை அடித்துவிட்டேன்.
"ஓட்டு வெள்ளை மாவில் இருக்கிறது, ஐயா."
அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்,
தட்டை மட்டும் நின்ற வயல்கள்,
முப்பது கிலோமீட்டருக்கு
அவைதான்.

பெம்பா கொள்முதல் மையம்.
தார்ப்பாய்க்கு அடியில் மூட்டைகள்.
ஓரத்து மூட்டையை வண்டு துளைத்து
தரையில் ஒரு கோடு மாவு.
ஒலிபெருக்கி இரண்டு முறை இருமியது.

உரம் என்றதும் கைதட்டினார்கள், அளவாக.
போன தேர்தலிலும் எண் ஆறுதான்.

முதிந்தா எழுந்தாள்.
முதுகில் குழந்தை, கையில் ரசீது.
"போன ஜூலையில் இங்கே நாற்பது மூட்டை போட்டேன்.
நவம்பரில் மழை வந்தது.
டிசம்பரில் பணம் வந்தது.
நடுவில் எதை வைத்து விதை வாங்குவது?
அதைச் சொல்லுங்கள்.
உரம் அப்புறம்."

பதில் நான்காம் பக்கத்தில் இருந்தது:
ஆவன செய்யப்படும்.

அவர் தாள்களை மடித்துப் பையில் வைத்தார்.
"பணம் தாமதமாகும்," என்றார்.
"நான் ஜெயித்தாலும் ஆகும்.
கஜானா கணக்கைப் பார்த்தவன் சொல்கிறேன்.
அரை ஏக்கராவது சோளம் போடுங்கள்.
அரசாங்கம் வாங்காத தானியத்தை
நீங்களாவது தின்னலாம்."

யாரும் தட்டவில்லை.
மேடைக்கடியில் ஒரு கோழி கேறியது.
நான் மனசுக்குள் கழித்துக்கொண்டிருந்தேன்:
பெம்பாவில் இருநூறு,
செய்தி நாளை சோமா போய்ச் சேர்ந்தால்
இன்னும் ஐநூறு.

மதியம், பள்ளிக்கூடத்து மரத்தடி.
எங்களுக்கு வெள்ளைக் களி,
காய்ந்த கப்பெண்டா மீன்.
முதிந்தா தனியாக ஒரு தட்டு கொண்டுவந்து
அவர் முன்னால் வைத்தாள்.
பழுப்பு. சோளக் களி.
இடுப்பில் கை வைத்து நின்றாள்.

உருட்டினார், கீரையில் தோய்த்தார்,
மெதுவாக மென்றார்.
கடைசி உருண்டைவரை
அவள் நகரவில்லை.

பிறகு அவள் தண்ணீருக்குத் திரும்பிய நொடியில்
அவர் விரல்கள் என் தட்டுக்கு வந்து
வெள்ளையாய்க் கொஞ்சம் கிள்ளின.

நான் எதையும் பார்க்காதவன்போல் இருந்தேன்.
அவள் பார்த்துவிட்டாள்.
குவளையை வைத்தாள்.
"எனக்கும் அதுதான் பிடிக்கும்," என்றாள்.

ஓட்டைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.