உடைசல் கணக்கு

காரவள்ளியில் தொடங்கினால் எழுபது முடக்கு.
முப்பத்தொன்பதில்தான் எப்போதும் உடையும்.
இருநூறு அட்டை, ஆறாயிரம் முட்டை,
சோளக்காடு சேரும்போது
பின்கதவு இடுக்கில் மஞ்சள் சொட்டும்.
செல்வநாயகி நோட்டில் ‘உடைசல்’ என்று
தனிப் பத்தி போட்டிருந்தாள்,
பக்கத்தில் காரணம்: வண்டி.
வண்டி, வண்டி, வண்டி என்று
பக்கம் முழுக்க அவள் கையெழுத்து.

“ரெண்டு பட்டை சேத்துப் போடு, சாயவே கூடாது”
நாமக்கல் பட்டறையில் நல்லேந்திரனிடம் சொன்னேன்.
வேண்டாம் என்றான்.
காசு என்னுடையது என்பதால் போட்டான்.
கமான் கட்டு கரும்புக் கட்டாய்த் தடித்தது.
வண்டி சாய்வதை விட்டுவிட்டுத்
துள்ளப் பழகிக்கொண்டது.
வெறும் வண்டியாய் இறங்கி வருகையில்
இருபத்திரண்டாம் முடக்கில் பின்பக்கம்
என்னை முந்தப் பார்த்தது,
பந்திக்கு முந்தும் மாமனைப் போல.
ஸ்டியரிங்கில் கை ஈரமாக
ஓரக்கல்லை ஒட்டி நின்றேன்.
கீழே ஒரு குரங்கு
எதையோ உரித்துத் தின்றுகொண்டிருந்தது.

மறுபடி பட்டறை.
சேர்த்த பட்டை இரண்டையும் கழற்றிவிட்டு
அடியில் படுத்தபடியே கேட்டான்:
“மேல என்னங்க இருக்குது?”

மேலே கேரியர்.
கேரியரில் ஸ்டெப்னி, ஜாக்கி,
மழைக்கு ஒன்று வெயிலுக்கு ஒன்று தார்ப்பாய்,
இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, அதில் ஒன்று பாடாது.
முன்நெற்றியில் ஊர்ப்பேர் வெட்டிய
நாலடி இரும்புப் பலகை,
பற்றவைக்க நானே பிடித்துக் கொடுத்தது.
எல்லாவற்றையும் இறக்கி
பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றினோம்.
நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
மூன்று வருசமாக என் தலைக்கு மேல் உட்கார்ந்து
டிக்கெட் வாங்காமல் மலை பார்த்திருக்கிறது.

ஸ்டெப்னி சேசுக்கு அடியில் போனது.
தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்ட சாக்கிள் புஷ்
(நல்லேந்திரன் சிரிக்காமல்தான் சொன்னான்)
நான்கும் புதுசு.
நொறுக்கப் போட்ட வேன் ஒன்றிலிருந்து
ஸ்டெபிலைசர் ராடு கழற்றி
அறுத்து, பற்றவைத்து, பின்னச்சில் பூட்டினான்.
பலகை மட்டும் வீட்டுக்கு வந்தது.
இப்போது கோழிக் கூண்டுக்குக் கதவு.

லோடு அடுக்கியது செல்வநாயகி.
பத்தடுக்கை ஆறடுக்காக்கி
அச்சுக்கு முன்னால், கேபினை ஒட்டி,
கயிறு போட்டு இறுக்கினாள்.
பிறகு அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள்.
“கண்ணாடியில ஒரு தட்டுன்னா சாயுது,
ரெண்டு தட்டுன்னா நழுவுது,
மூணுன்னா நிறுத்திருங்க.”

ஏறும்போது தட்டவே இல்லை.
முப்பத்தொன்பதில் பயந்துபோய்
நானே நிறுத்தி எட்டிப் பார்த்தேன்.
மடியில் ஓர் அட்டை,
அதன்மேல் உள்ளங்கை, கண் மூடியிருந்தாள்.
“நல்லாத்தானே போச்சு, ஏன் நிறுத்துனீங்க?”

செம்மேட்டில் ஒரு கடை பூட்டிக் கிடக்க
நாற்பது அட்டை திரும்ப இறங்கியது.
அறுபத்திமூன்றில் இரண்டு தட்டு.
ஐம்பத்தெட்டில் இரண்டு தட்டு.
நாற்பத்தி நாலில் இரண்டு, கொஞ்சம் கோபமாக.
முப்பத்தொன்பதில் மூன்று.

இறங்கி வந்து கதவோரம் நின்றாள்.
சேலையில் மஞ்சள் கோடு.
“முடக்குக்குள்ள போயிப் பிரேக்கைத் தொடறீங்க.
அத்தனை முட்டையும் ஒட்டுக்கா
மூஞ்சியத் திருப்பி முன்னால பாக்குதுங்க.
அமுக்கறதை வெளியவே அமுக்கி முடிச்சிட்டு
அப்புறமேலு திருப்புங்க.
வண்டிக்குச் செய்யறதெல்லாம் செஞ்சாச்சு.”

மீதி முப்பத்தெட்டும்
அவள் சொன்னபடி இறங்கினேன்.
வளைவுக்கு முன்பே வேகத்தைக் கொன்று,
உள்ளே நுழைந்ததும் காலை மறந்து,
வண்டி தன் எடையைத் தானே
ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு
மாற்றிக்கொள்ள விட்டு.
ஒவ்வொரு முடக்கிலும் தட்டலுக்காகக்
காது பின்னால் இருந்தது.

இரவு நோட்டை எட்டிப் பார்த்தேன்.
உடைசல்: நாலு.
பக்கத்தில் பழக்கத்தில் ‘வண்’ வரை எழுதி
அடித்துவிட்டிருந்தாள்.
மேலே, சின்ன எழுத்தில்,
‘கால்’.