ஒன்று புள்ளி எட்டு கிராம்

பகலில் நான் லாரிகளை நிறுக்கிறேன்.
பட்டர்வொர்த் துறைமுக வாசலில் எடைமேடை.
நாற்பது டன், நாற்பத்திரண்டு.
டிரைவர் இறங்கித் தேத்தண்ணி வாங்கப் போனால்
எண் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான்.
இருபது கிலோவுக்குக் கீழே
எங்களுக்கு உலகம் கிடையாது.

இரவில், ஜெலுத்தோங் பிளாட்டின் பதினோராம் மாடியில்,
ஓர் ஊசியை நிறுக்கிறேன்.

லோரோங் கூலிட் ஞாயிற்றுச் சந்தையில்
நூற்றைம்பது வெள்ளிக்குக் கூ விற்ற டர்ன்டேபிள்.
பாடும் என்றார்.
நன்றாகப் பாடுமா என்றேன்.
அது உன் வீட்டைப் பொறுத்தது என்றார் மலாயில்,
காசை எண்ணிக்கொண்டே.

வீடு சாய்ந்திருக்கிறது.
பதினாறு வருஷம் குடியிருந்தும் எனக்குத் தெரியாது.
ரசமட்டத்தை வைத்ததும் குமிழி
குளியலறைக்கு முதுகைக் காட்டி
ஜன்னல் பக்கம் ஓடி ஒதுங்கியது.
மின்சார பில்லை எட்டாக மடித்து
மேசையின் ஒரு காலுக்குக் கொடுத்தேன்.
இன்னும் கட்டாத பில்.
கனம் சரியாக இருந்தது.

பிறகு அந்தக் கை.
பின்னாலிருக்கும் எடையைத் திருகத் திருக
ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல்
காற்றில் அது நின்றுவிடும் ஓர் இடம் வந்தது.
நான் மூச்சுவிட்டால் அசைந்தது.
அதுதான் பூஜ்யம்.
அங்கிருந்து ஒன்று புள்ளி எட்டு.
குறைந்தால் ஊசி பள்ளம் விட்டுப் பள்ளம் தாவும்,
கூடினால் பாட்டையே உழுதுவிடும்.

ஸ்பீக்கரை மூலையில் வைத்தபோது
மிருதங்கம், பானைக்குள் விழுந்த பூசணிக்காய்.
சுவரைவிட்டு இரண்டடி இழுத்தேன்.
தோல் திரும்பி வந்தது, பிறகு விரல்.
தவமலர்
துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கப் பழகினாள்.
'இதுங்க கிட்டயும் வாடகை வாங்கணும்.'

ஒருநாள் பாடகியைக் காணோம்.
குரல் இருந்தது. ஆள் இல்லை.
இரண்டு சுவர்களுக்குள்ளும் பாதிப்பாதியாகப் போய்
ஒளிந்துகொண்ட மாதிரி.
வலப்பக்கம் சிவப்பு வயர் கறுப்பில் இருந்தது.
மாற்றி மாட்டினேன்.
டிவி இருந்த இடத்தில், வெறும் காற்றில்,
வந்து நின்றாள்.

ஆனால் அந்த உறுமல்.
பாட்டுக்கு அடியில், பாட்டு நின்ற பிறகும்,
வாயை மூடிக்கொண்டு யாரோ சண்டைக்கு வருவது போல.
ஐஸ்பெட்டியைப் பிடுங்கிப் பார்த்தேன், மீன் கெட்டது.
விளக்கு, காற்றாடி, கடைசியில்
மேல்மாடிக்காரனின் மீன்தொட்டி மோட்டார் வரை
சந்தேகப்பட்டேன்.
மூன்று வாரம்.

டர்ன்டேபிளுக்குப் பின்னால்
ஒல்லியாக ஒரு வயர் தொங்கிக்கொண்டிருந்தது.
உபரி என்று நினைத்திருந்தேன்.
இரவு ஒன்றரை மணிக்கு
ஆம்பிளிஃபயரின் முதுகில் அதற்கென்றே
ஒரு திருகைக் கண்டேன்.
இரண்டரைச் சுற்று.

நின்றது.

பினாங்கு பாலத்துப் பக்கம் போகும்
ஒற்றை மோட்டார்சைக்கிள் கேட்டது.
என் காதே எனக்குக் கேட்டது.
அறைக்கதவு திறந்து தவமலர் வந்தாள்.
'கரண்ட் போச்சா?'

விளக்கு எரிகிறதே என்றேன்.
மூன்று வாரமாய் அந்த உறுமலில்தான்
நல்ல தூக்கமாம்.
ஐந்தேகாலுக்குப் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்.
'இப்ப நான் எப்படித் தூங்குறது' என்று
கயிறு பிடித்து நான் அளந்து போட்ட
ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள்.
எல்லாம் வந்து சேரும் இடம் அதுதான்,
ஓர் ஆள் அகலம்.

ஊசியை இறக்கினேன்.
பாட்டுக்கு முந்தைய வெறும் பள்ளத்தில்
பாடகி மூச்சை உள்ளே இழுத்தாள்.
தவமலர் சட்டென்று நிமிர்ந்து,
டிவி இருந்த இடத்தைப் பார்த்து,
நைட்டியின் தோள்பட்டையைச் சரிசெய்துகொண்டாள்.

நான் இடது ஸ்பீக்கர் ஓரம் நின்றிருந்தேன்.
எனக்குத் தம்பூரா மட்டும்தான் கேட்டது.