எங்கயாவது

கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்
அளவைக் கோலை நிறுத்தச் சொன்னேன்.
தவநீதன் நிறுத்தினான்.
கருவியின் கண்ணுக்குள்
சிவப்பு, வெள்ளை, ஓர் இலக்கம்:
கடலைவிட ஒரு முழம் உயரம்.
அதுவும் முழுசாய் இல்லை.

பங்குனி. கரைச்சை வெடித்துக் கிடக்கிறது.
எருமைக் குளம்படியில் உப்புப் பூத்திருக்கிறது.
நாலரைக்கு
பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டு
இரண்டு பக்கத்துப் பொடியன்மாரும் வருவார்கள்.
நற்பிட்டிமுனையில் அவர்களுக்கு
இதைவிட்டால் வெளி இல்லை.

மேசையில் விரித்த வரைபடம் வேறு சொல்கிறது:
நானூறு மீற்றர் ஓட்டப் பாதை,
பார்வையாளர் படிக்கட்டு,
நாலு மூலையிலும் மின்கோபுரம்,
எல்லாவற்றுக்கும் கீழே
ஆறடிக்குக் கிரவல்.
எத்தனை கியூப் என்று கேட்டேன், சொன்னார்கள்.
எந்த மலையை என்று
கேட்க மறந்துவிட்டேன்.

தண்ணி? என்றேன்.
மாரியில் வயலைக் கழுவிக்கொண்டு
தோணாவுக்குப் போகிற தண்ணி
இரண்டு மாதம் இங்கேதானே இளைப்பாறும்?

பொறியியலாளர் தேநீரை ஆற்றிக்கொண்டே
"அது எங்கயாவது போகும், மிஸ்."

அன்றிரவு வரைபடத்தில்
எங்கயாவது என்ற ஊரைத் தேடினேன்.
சேனைக்குடியிருப்பு இருந்தது. சவளக்கடை இருந்தது.
கிட்டங்கி இருந்தது.
பேரில்லாத மூன்று வாய்க்கால்கூட இருந்தன.
எங்கயாவது இல்லை.

ஆகவே நீலப் பென்சிலை எடுத்துக்கொண்டு
சமவுயரக் கோட்டோடு நடந்தேன்.
தண்ணியைப் போல நடப்பது லேசு.
மேட்டைக் கண்டால் கோபிக்காமல் திரும்ப வேண்டும்,
பள்ளத்தில் வெட்கப்படாமல் இறங்க வேண்டும்,
வேலி, உறுதி, ஒப்பம்
ஒன்றையும் வாசிக்கக் கூடாது.

பென்சில் போய் நின்றது
ஒரு நேர்சரியில். ஏழு கிணற்றில்.
பிறகு நஸ்லான் வீட்டுக் குசினியில்.

நஸ்லான்தான் கழகத் தலைவன்.
ஏழு வருசமாய் வெளிச்சம் கேட்டு மனு எழுதுகிறவன்.
கேட்டதில் பிழையில்லை.
சேற்றுக்குள் காலைக் கொடுத்து
முழங்கால் கிழிந்த சிவானுஜன்
இன்றைக்கும் கோட்டுக்கு வெளியே நின்றுதான் கத்துகிறான்.
"எங்களுக்கு எப்ப மிஸ்?" என்று
சைக்கிளை நிறுத்தாமலே கேட்டுப் போன பிள்ளையின்
பேர்கூட எனக்குத் தெரியாது.

அவனுக்கு வரைபடத்தைக் காட்டினேன்.
தன் குசினியை விரலால் துடைத்துப் பார்த்தான்.
விரல்தான் நீலமானது.
"மறுகா நாங்க எங்க விளையாடுற?"
என்னிடம் பதில் இருக்கவில்லை,
அளவுகள் இருந்தன.

அவற்றை வைத்துக்கொண்டு
மூன்று பின்னேரம் சண்டை பிடித்தோம்.
கிரவல், பள்ளிக்கூட மதிலோரத்து மேட்டுக்கு மட்டும்:
அங்கே ஒரு சின்னத் திடல்,
கரப்பந்துக்கும் அந்தச் சைக்கிள் பிள்ளைக்கும்.
இரண்டு விளக்கு.
மற்றதெல்லாம் தரையாகவே கிடக்கட்டும்.
தை முடியும்வரை தண்ணியின் தவணை,
மாசியிலிருந்து நம் தவணை.
ஓட்டப் பாதையை விட்டுக்கொடுத்த அன்று
அவன் யாரோடும் பேசவில்லை.

கோப்பு இன்னும் மேலிடத்தில் கிடக்கிறது.
எங்கள் கோடு வருமோ
ஆறடிதான் வருமோ.

கார்த்திகை மழை ஒப்பத்துக்குக் காத்திருக்கவில்லை.
வலையைக் கழற்றிக் கம்பத்தை விட்டார்கள்.
நஸ்லான் மிச்சப் பெயின்றை எடுத்து
இடது கம்பத்தில் சாணுக்கொன்றாய்ச்
சிவப்புக் கோடு இழுத்தான்.
விடியப்புறம் போனில் அவன் குரல்:
"மிஸ், இண்டைக்கி நாலாம் கோடு."
ஐந்தில் நேர்சரியின் குட்டிக் கதிரைகளை
அலுமாரிக்கு மேல் ஏற்றினார்கள்.
ஆறில் நின்றது.
குறுக்குக் கம்பத்தில் நீர்க்காகம் சிறகு விரித்தது,
பெனால்டிப் புள்ளிக்கு நேர் மேலே
தோணியில் நின்று யாரோ வலை வீசினார்.

மாசி. இன்னும் காயவில்லை, ஆனாலும் விசில் ஊதிவிட்டார்கள்.
முதல் அடியே இடது கம்பத்தில்.
ஆறாம் கோட்டில் ஒட்டியிருந்த சேறு
பொலபொலவென்று காப்பாளனின் தலையில்.
பந்து உள்ளேயா வெளியேயா?
அளந்து சொல்லச் சொல்லி
எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.
நான் சிவானுஜனோடு சேர்ந்து
கத்திக்கொண்டிருக்கிறேன்.